ராயப்பண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்த டேப்

ஓய்வு பெற்ற பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் அந்தப் படம் வந்தது. கீழே ஒரே வரி: முத்தையாபுரம் ராயப்பண்ணன் காலமானார். கும்பிட்ட கைகளும் மெழுகுவத்திகளும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. போட எனக்கு முகம் இல்லை. ஏன் என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகப் பட்டறையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். ஒருமுறை கிரேன் பாதியில் நின்று, உப்பு மூட்டைகள் அந்தரத்தில் தொங்கின. எல்லோரும் ஓட்டியவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஏணியில் ஏறினார். "கடைசியாக் கை வச்சவன் நான்தான். முதல்ல என் வேலையப் பாக்கேன்" என்றார். பழுது அவர் தொட்ட இடத்தில் இல்லை. எது கெட்டாலும் முதலில் தன்னையே சந்தேகிப்பது அவர் வழக்கம்.

கப்பலில் இருந்த அவருடைய மைத்துனர் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கனத்த மிஷின்; வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்து வெடுக்கென்று நிற்கும். என்னிடமும் சிறிதாக ஒன்று இருந்ததால், டேப் விஷயம் தெரிந்தவன் என்று எனக்குப் பட்டறையில் பெயர்.

"ஏலே சங்கரா, வீட்டுல கொஞ்சம் பாட்டுப் பதியணும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீயே நல்ல டேப்பா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வா" என்றார்.

வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் அன்றைக்குப் பதியாத டேப் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்று தடித்தது. மற்றது மெல்லியது; அதனால் அதே ஸ்பூலில் இரண்டு மடங்கு நீளம் சுற்றியிருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி தெளிவாகவே சொன்னார்: "பெரிய மிஷினுன்னா தடிச்சதப் போடுங்க. மெல்லிசு இழுபட்டுரும். பொறவு பாட்டு நெளியும்."

இரண்டையும் வாங்கினேன். என் சிறிய மிஷினுக்கு மெல்லியதே போதும். ஆனால் வானொலியில் ஒரு நாகஸ்வரக் கச்சேரி வரவிருந்தது. அதைக் காலத்துக்கும் கெடாத டேப்பில் பதிய ஆசைப்பட்டேன். தடித்ததை வைத்துக்கொண்டு மெல்லியதை அவரிடம் நீட்டினேன்.

"இதுதாண்ணே நல்லது. ரெண்டு பங்கு நேரம் ஓடும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகுதான் சொன்னார்: "உங்க மதினிக்குத் தொண்டையில ஆப்பரேசன். குரல் பழையபடி வருமான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்காரு. அதான் ஞாயித்துக்கிழம எல்லாப் பாட்டையும் பதிஞ்சிரலாம்னு."

பிலோமி மதினியின் குரல் உங்களுக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்று அவர் பாடும் ஒப்பாரியைக் கேட்கக் கீழவைப்பாரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தடித்த டேப் பிரிக்காமல் என் அலமாரியில் இருந்தது. நான் மாற்றிக் கொடுக்கவில்லை.

மதினி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அண்ணன் அந்த டேப்பைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார். மிஷின் நின்ற ஒவ்வொரு தடவையும் டேப் இழுபட்டது. மதினி கரகரத்த குரலோடு வீடு திரும்பினார். பழைய குரல் டேப்பில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் நெளிந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "மிஷினக் கொஞ்சம் பதமாக் கையாளணும்ணே" என்றேன்.

அவர் நம்பினார். தானே கெடுத்துவிட்டதாகப் பட்டறை முழுக்கச் சொன்னார். 'டேப்ப இழுத்த ராயப்பன்' என்று நாம் எல்லோரும் கேலி செய்தோம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடக்கம் முடிந்தபின் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கரகரத்த குரலில் அவர் சொன்னார்:

"எத்தன வருசம் அந்த மிஷினக் கழட்டி மாட்டிக்கிட்டுக் கெடந்தாரு தெரியுமா? எங்கிட்ட எத்தன தடவ மன்னிப்புக் கேட்டாரு தெரியுமா? அவருகிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிட்டு விட்டுருப்பாரு. நான் அப்படி இல்ல தம்பி. நீங்க போயிட்டு வாங்க."

வந்துவிட்டேன். டேப்பை இழுத்தவர் ராயப்பண்ணன் இல்லை. அந்தக் கேலியை இனி யாரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்த அண்ணன், என் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அன்னைக்கு ஒங்க தாத்தாதான் அலைஞ்சு எனக்கு டேப்பு வாங்கித் தந்தாரு" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். டீ குடிக்கிறீர்களா என்றுதான் கேட்டேன். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த நன்றி ஒன்றுதான். அது எனக்குச் சேர வேண்டியது இல்லை.