ராக்கெட்டுக்கு உடைத்த தேங்காய்

அக்கா சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு அவனோடு குவைத்துக்குப் போனதிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. மூன்று வருடம். கடிதம் வந்தால் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுவேன். அப்பா வேறு பக்கம் பார்த்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அவ்வளவு ரோஷம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் புதிதாக வாத்தியார் வேலையில் சேர்ந்திருந்தேன். புதிய செயற்கைக்கோள் ஒன்றை ஏவப்போகிறார்கள், அது இந்து சமுத்திரத்துக்கு மேலே ஒரே இடத்தில் நின்று நாடு விட்டு நாடு டெலிபோன் பேச்சைக் கொண்டுபோகும் என்று பேப்பரில் வந்ததை வீட்டில் சத்தமாகப் படித்தேன்.

"ஒரே இடத்துல நிக்குமா? விழாதா?" என்றார் அப்பா.

"பூமி சுத்துற வேகத்துக்கு அதுவும் கூடவே சுத்துதுங்கப்பா. கீழ இருந்து பாத்தா நிக்கிற மாதிரி."

"பூச போட்டாங்களா?"

சிரித்துவிட்டேன். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை. சக்கரங்களைக் காக்கிற ரோதை முனிக்குத் தேங்காய் உடைக்காமல் அங்கே புது மெஷின் எதையும் ஓடவிட மாட்டார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே அப்படித்தான்.

ஏவுகிற அன்று காலையில் அப்பா முனி கோயிலில் தேங்காய் உடைத்தார். அம்மா சும்மா விடவில்லை.

"தேங்கா ராக்கெட்டுக்கா, மகளுக்கா?"

"மெஷினுக்குடி" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நல்லபடியாக மேலே போய்ச் சேர்ந்ததாக ரேடியோவில் சொன்னபோது, இன்னொரு பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த தீபாவளிக்கு, அட்டன் டவுனில் தெரிந்தவர் கடைக்கு டெலிபோன் கோல் எடுப்பதாக அக்கா எழுதியிருந்தாள். அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார். அம்மா பதிலுக்கு நிற்காமல் பேசி, அழுது, ரிசீவரை அவர் கையில் திணித்தாள்.

"அப்பா பேசுறேன்."

பேச்சு அவ்வளவு உயரம் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமாகும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பதில் வராத அந்த ஒரு நொடியில் அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. மூன்று வருடம் பேசாமலிருந்த மனுஷனுக்கு மகளின் ஒரு நொடி மௌனம் தாங்கவில்லை.

"அவளுக்கு எங்கிட்ட பேச இஷ்டமில்ல" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். என் காதில் அக்காவின் குரல்: "அப்பா, அப்பா, போயிராதீங்கப்பா."

ரிசீவரை அவர் காதிலேயே வைத்து அழுத்திப் பிடித்தேன். அதன் பிறகு எனக்குக் கேட்டது அப்பாவின் குரல் மட்டும்தான்.

"போகல தாயி. மெதுவாப் பேசு. நான் நிக்கிறேன்."