நான் வெட்டிய சிவப்பு நூல்

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம், பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நான் தையல்காரனாக வேலை செய்யும் கடை. பிள்ளைகளே, உங்கள் பள்ளி மலருக்குப் பெற்றோர்கள் தங்கள் அனுபவம் ஒன்றை எழுத வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசுவது மாதிரியே எழுதுகிறேன்.

தீபாவளி சமயத்தில் எங்கள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ரவிக்கை, பஞ்சாபி சூட், பாவாடை எல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம், தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். மியன்மாரில் நடக்கும் சண்டையில் ஊரை விட்டு ஓடி வந்தவர். அவர் பேசிய மலாயிலேயே தெரிந்தது. பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் மேசையில் விரித்தார். ஒரு ஜன்னல் திரை அளவுக்கு இருந்தது. அதில் கையாலேயே ஓர் ஊரைத் தைத்திருந்தார்கள். வீடுகள், பாக்கு மரங்கள், ஒரு குளம், விரல் உயரத்துக்கு நிறைய மனிதர்கள். சில வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அதையும் ஆரஞ்சு நூலில் தைத்திருந்தார்கள்.

அவரைப் போல வந்த பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்ததாம். பக்கத்துத் தெருவில் படங்கள் மாட்டிக் காட்டும் ஒரு பழைய கடைவீட்டில், சனிக்கிழமை காலையில் இதை மாட்டப் போகிறார்கள். துணி கனமாக இருந்ததால் பின்னால் லைனிங் வைத்து, மேலே கம்பு நுழைக்க மடித்துத் தைக்க வேண்டும்.

"அபாங், பின்னால மட்டும். முன்னால தொடாதீங்க" என்றார். மலாயில் அபாங் என்றால் அண்ணன்.

"சரி, சரி" என்றேன். பிள்ளைகளே, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னார். என் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை அந்த வேலையை எடுத்தேன். லைனிங் நன்றாக உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தால், முன்பக்கத்தில் அங்கங்கே சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சில மனிதர்களின் நெஞ்சிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு, முடிச்சுப் போடாமல், வெட்டாமல். எங்கள் தொழிலில் ஒரு துணியைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசி வேலை பிசிறு வெட்டுவது. நூல் தொங்கினால் அது தையல்காரனுக்கு அவமானம். எனக்குக் கை தானாகவே கத்திரிக்குப் போய்விடும்.

பக்கத்து மிசினில் சேலைக்கு ஓரம் அடிக்கும் அக்காவிடம் காட்டினேன். "பாருங்கக்கா, பிசிறுகூட வெட்டத் தெரியல. இப்படியே கொண்டுபோய் மாட்டினா பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"உனக்கு எதுக்கு தம்பி? பின்னால மட்டும்தானே கேட்டுச்சு. இங்க முப்பது ரவிக்கை கெடக்கு, அதைப் பாரு லா" என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தொழில் தெரியும், அவர்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. பாவம் அகதி, நம்மால் ஆன உதவி என்றும் நினைத்துக்கொண்டேன். சின்னக் கத்திரியை எடுத்து, துணியோடு ஒட்ட, ஒன்று விடாமல் வெட்டினேன். வெட்டிவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் சாயந்தரம் அவர் வந்தார். கடை நிறைய ஆட்கள். முதலாளி கல்லாவில் இருந்தார். நான் துணியை விரித்துக் காட்டி, "முன்னாலயும் சுத்தம் பண்ணிட்டேன், அதுக்குக் காசு வேணாம்" என்றேன், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து.

அவர் குனிந்து பார்த்தார். ஒரு மனிதனின் மேல் விரலை வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு குளத்துப் பக்கம்.

"நூல் எங்க அபாங்?"

"வெட்டிட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "முன்னால தொடாதீங்கன்னு சொன்னேனே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன பிரச்சினை?" என்று முதலாளி கேட்டார். நான் உடனே, "அப்படி ஒண்ணும் சொல்லலையே முதலாளி! சொல்லியிருந்தா நான் ஏன் தொடப் போறேன்?" என்றேன். அதோடு விடாமல் அந்தப் பெண்ணைப் பார்த்து, மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ சொல்லவே இல்ல!" என்று சத்தம் போட்டேன். துணி வாங்க வந்த ஒருவர், "இவங்களுக்கு உதவி பண்ணினா இப்படித்தான்" என்றார். எனக்கு அது தெம்பாகக்கூட இருந்தது.

அப்போது பக்கத்து மிசின் சத்தம் நின்றது.

"தம்பி, அது சொல்லுச்சு" என்றார் அக்கா. "நானும்தான் கேட்டேன்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்தான் பேசினார். எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார். நூலை முடிச்சுப் போட்டு வெட்டியிருந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார், புதைத்ததை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நூல் தொங்கினால் இன்னும் சேதி வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சேதி வந்தால், அதே நூலால் அவரிடமிருந்து துணியின் ஓரம் வரைக்கும் ஒரு பாதை தைப்பார்களாம். அந்த மாதிரி இரண்டு பாதைகள் துணியில் இருந்தன. நான் அதைப் பூவேலை என்று நினைத்திருந்தேன்.

"பதினோரு பேர்" என்றார். பிறகு பாக்கு மரத்தடியில் நின்ற ஒரு உருவத்தைத் தொட்டு, "இது என் தங்கச்சி" என்றார்.

நான் குப்பைச் சாக்கைத் தரையில் கொட்டினேன். தீபாவளி நேரம், எல்லாத் துணியும் சிவப்பு. எந்த நூல் எதுவென்று எப்படித் தெரியும்? முட்டி போட்டுக் கையளவு சிவப்புப் பிசிறுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "புது நூல் குடுங்க. ஊசியும்."

"நானே தைச்சுத் தரேன்" என்றேன்.

"அபாங்குக்கு அவங்களைத் தெரியாது."

அக்கா தன் நாற்காலியை விட்டுக் கொடுத்தார். நான் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு நூலை இழுத்து, தொங்கவிட்டு, ஒரு பெயர் சொன்னார். எனக்காகச் சொல்லவில்லை. பத்து பெயர். தங்கை பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பதினோராவது நூலோடு குளத்துப் பக்கம் வந்து நின்றுவிட்டார். அங்கே மூன்று பிள்ளைகள். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒரு பிள்ளைக்குச் சேதி இல்லை. எந்தப் பிள்ளை என்பது அதைத் தைத்த பெண்ணுக்குத்தான் தெரியும். தைத்த அந்தப் பெண்ணை வேறு நாட்டில் குடியேற அனுப்பிவிட்டார்கள். இங்கே அவர் வைத்திருந்த போன் நம்பரும் இப்போது இல்லை. கடையில் உட்கார்ந்திருந்த இவர் துணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அடையாளம் தேடினார். நானும் தேடினேன். மூன்று பிள்ளைகளுக்கும் சிவப்புச் சட்டை. இறந்த இரண்டு பிள்ளைகளின் முடிச்சுகளையும் பிசிறு என்று நினைத்து, ஒரு தும்புகூட மிச்சமில்லாமல் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தேன்.

கடைசியில் அந்த நூலைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டார். துணியை மடித்துப் பையில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "சரி அபாங்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைவீட்டுக்குப் போனேன். துணி சுவரில் தொங்கியது. மின்விசிறிக் காற்றில் பத்து நூல்களும் ஆடிக்கொண்டிருந்தன. அவரும் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அவளுக்கு ஒரு பெட்டி மைலோ பானம் எடுத்துக் கொடுத்தார்.

மகள் துணியைப் பார்த்துவிட்டு, "அப்பா, பிசிறு வெட்டாம விட்டுட்டாங்க பாருங்க. நீங்களா இருந்தா வெட்டியிருப்பீங்கதானே?" என்றாள்.

"அது அப்படித்தான்மா" என்று சொல்லி அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கும் நான் உண்மை சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் இந்த மலரில்தான் இதைப் படிக்கப் போகிறாள்.

வெட்டியது கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். "நீ சொல்லவே இல்ல" என்று கத்தினேனே, அதற்கு எதைச் சொல்வது? அந்தப் பதினோராவது நூலை என் மிசின் டிராயரில் சுற்றி வைத்திருக்கிறேன், யாராவது வந்து எந்தப் பிள்ளைக்கு என்று சொல்வார்கள் என்று. அதைப் பார்க்கும்போதெல்லாம், குளத்துப் பக்கம் நிற்கும் மூன்று பேரில் யாருக்காக இன்னும் காத்திருக்க வேண்டும் என்பதைத் தெரியாமல் செய்தது என் கைதான் என்று நினைத்துத் தலைகுனிகிறேன்.