கட்டிலைத் திருப்பிப் போட்ட வீடு

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய காலனியில் ராஜாத்தியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவள் பேசிக் கேட்டவர்கள் குறைவு. காலை ஏழு மணிக்கு ஏரியில் இறங்கினால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேலும் பனையோலைப் பறி அவள் பல்லில் இருக்கும். மார்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் துள்ளும் இறாலைப் பிடித்து, வாயில் கடித்திருக்கும் அந்தக் கூடைக்குள் போட வேண்டும். வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். முன்பற்கள் இரண்டும் பறியின் விளிம்புக்குத் தக்கபடி தேய்ந்துவிட்டன.

பத்தடி தள்ளி அவள் கணவன் நாகப்பன் நண்டு தேடுவான். அவன் மட்டும் பறியைக் கடித்துக்கொண்டே எப்படியோ பேசிவிடுவான். போன தை மாதம் ஒருநாள் அந்தப் பேச்சு பாதியில் நின்றது. ராஜாத்தி திரும்பிப் பார்த்தபோது அவன் தண்ணீருக்குள் சாய்ந்துகொண்டிருந்தான். முடியைப் பிடித்துத் தூக்கிக் கரை சேர்த்தவள் அவள்தான். வலது கையும் வலது காலும் அன்றோடு போயின. குழறிய பேச்சு மட்டும் மிஞ்சியது.

ஒற்றை அறை வீடு. வாசலைப் பார்த்த மாதிரி அவனுக்குக் கட்டில் போட்டாள். ஏரிக்குப் போகும் பாதை வாசலை ஒட்டியே போனது. ஆனால் எட்டு மணிக்கெல்லாம் ஊரே தண்ணீரில் இருக்கும். பக்கத்து வீட்டு மணியம்மாள் மட்டும், முழங்கால் வலியால் ஏரியில் இறங்க முடியாதவள், கரையில் இறாலை வாங்கிக் கூடையில் சுமந்து போவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வழியாக வருவாள்.

"இன்னாண்ணே, சாப்டியா?"

"சாப்ட்டன்மே. உன் காலு இன்னும் ஒடியலியா?"

இப்படி இரண்டு வார்த்தை. மீதி நேரம் கூரையைப் பார்த்தபடி கிடப்பான். ஆடி மாதத்தில் அதற்கும் பதில் சொல்வதை நிறுத்தினான். ஒருநாள் ராஜாத்தி சோறு ஊட்டும்போது சொன்னான்: "என்னிய அன்னிக்கே ஏரியில வுட்டிருக்கலாம்ல."

மறுநாளிலிருந்து அவள் அரிவாளையும் வலைக்கயிற்றையும் மணியம்மாள் வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க, வீட்டில் என்ன நடக்கிறதோ என்றே மனது அடித்துக்கொண்டது.

மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் சரண்யாதான் அந்த யோசனையைச் சொன்னாள். "நைனாவுக்கு ஒரு டிவி வாங்கலாம்மா. போன்ல பாக்குற மாதிரி எல்லாம் அதுல பாக்கலாம்." பழைய டிவி உப்புக் காற்றில் செத்து நாலு வருடம் ஆகியிருந்தது.

ஆரம்பாக்கத்துக் கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். கடைக்காரர் பெரியதைத்தான் காட்டினார். சரண்யா வீட்டை அளந்து கொண்டுவந்திருந்தாள். "கட்டில்லேர்ந்து செவுத்துக்கு ஆறடிதான் சார். முப்பத்திரண்டு இஞ்ச் போதும். கரண்டு ஏறி எறங்கும், ஸ்டெபிலைசரும் வேணும்."

ராஜாத்திக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "படுத்துகினே பாத்தா தெரியுமா?"

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அங்கேயே தரையில் குந்தி, தலையைச் சாய்த்து ஒவ்வொரு டிவியாகப் பார்த்தாள். சிலவற்றில் கீழிருந்து பார்த்தால் முகங்கள் கறுத்துத் தெரிந்தன. கறுக்காத ஒன்றைக் கை காட்டினாள்.

"டிஷ் எங்க சார்?"

"இதுக்கு நெட்டே போதும்மா." சரண்யாவின் பழைய போனில் சிம் போட்டு டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அதிலிருந்து நெட் வரும் என்று அவர் விளக்கினார்.

மறுநாள் மாட்ட வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "வாசப்பக்கம் மாட்டினா உப்புக்காத்து நேரா அடிக்கும். ஆறு மாசத்துல உள்ள போர்டு போயிடும். பின்செவுத்துல மாட்டுறேன். கட்டிலத் திருப்பிப் போட்டுக்குங்க. கதவப் பாதி சாத்துனா வெளிச்சமும் அடிக்காது."

"அவருக்கு வாசல் தெரியாதே," என்றாள் ராஜாத்தி.

"டிவி வந்தப்பறம் வாசல் எதுக்கும்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாகப்பனும் சிரித்தான். அவன் சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் ராஜாத்தி வேறெதுவும் யோசிக்கவில்லை. கட்டிலின் ஒரு முனையை அவளே தூக்கித் திருப்பினாள்.

ரிமோட்டை இடது கையில் கொடுத்து, மைக் பட்டனை அழுத்திப் பேசச் சொன்னாள் சரண்யா. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும், அதற்குப் பட்டன் அமுக்க வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நாள் அவன் குழறல் டிவிக்குப் புரியவில்லை. விடாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் நாள் "நண்டு" என்றதும் திரை முழுக்க நண்டு வந்தது. யாரோ எந்த ஊரிலோ படகில் நின்று வலை வீசினார்கள்.

"இவனுங்களுக்கு வீசவே தெரிலடி," என்றான் நாகப்பன். "தூக்கிப் போடுறான் பாரு, குப்ப கொட்ற மாதிரி."

அந்த ஒரு மாதம் ராஜாத்தி நிம்மதியாகத் தண்ணீரில் இருந்தாள். அரிவாள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவன் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தெருவில் போகிறவர்கள் பாதிக் கதவு வழியாக ஓடுகிற டிவியையும் அவன் பின்னந்தலையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். படம் பார்க்கிறவனை எதற்குத் தொந்தரவு செய்வது?

ஐப்பசியில் ஒருநாள். இரண்டரை மணிக்கு ராஜாத்தி ஈரப் புடவையோடு வந்தபோது டிவியில் பொம்மை மீன்கள் பாட்டுப் பாடி ஆடிக்கொண்டிருந்தன. "இன்னாய்யா இது?" என்று கேட்டபடி கட்டிலைச் சுற்றி முன்னால் வந்தாள். அவன் வாய் கோணி எச்சில் தலையணையில் காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. ரிமோட் கீழே கிடந்தது.

அவள் போட்ட சத்தம் கேட்டு மணியம்மாள் ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பதினோரு மணிக்கு நான் பாத்தேன் அண்ணி. பொம்மப் படம் ஓடினு இருந்திச்சி. 'இன்னாண்ணே, கொயந்தையா ஆயிட்டியா'னு கேட்டேன். பேசல. படத்துல இருக்காருனு... சிரிச்சினே போயிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நாலு மணி. மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" நாலரை மணி நேரத்துக்குள் என்றால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டுப் பார்க்கலாமாம். ராஜாத்திக்குத் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து நேராக வந்த சரண்யா தன் போனைத் திறந்தாள். டிவியிலும் அவள் கணக்குதான் இருந்தது. அன்று ஓடியதெல்லாம் நேரத்தோடு அதில் வரிசையாக இருந்தது. ஒன்பது நாற்பதுக்கு அவன் கடைசியாகக் கேட்டது "நண்டு". அதன் பிறகு எதையும் அவன் கேட்கவில்லை. நண்டு முடிந்து மீன், மீன் முடிந்து சமையல், சமையல் முடிந்து குழந்தைப் பாட்டு என்று தானாகவே ஓடியிருக்கிறது.

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி நேரம் தாண்டியிருந்தது.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனிப் பேச்சு வராது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கண் மட்டும் வேலை செய்தது. ராஜாத்தி அவனைக் கிடத்துவதற்கு முன் கட்டிலைப் பழையபடி வாசலுக்குத் திருப்பினாள். கதவை முழுக்கத் திறந்தாள். டிவி பின்சுவரில் அணைந்தே இருந்தது.

ஆனால் மணியம்மாள் அந்தப் பாதையை விட்டுவிட்டாள். கூடையைச் சுமந்துகொண்டு, வலிக்கும் காலோடு, ஐஸ் கொட்டகையைச் சுற்றிப் போனாள். ஒரு வாரம் ராஜாத்தி தண்ணீரிலிருந்து அதைப் பார்த்தாள். பிறகு ஒருநாள் கரையேறி, பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாத்துக்குச் சுத்தினு போற?"

"எந்த மூஞ்ச வெச்சினு வருவேன் அண்ணி? நான் நின்னு பாத்திருந்தா..."

ராஜாத்தி ஆறுதல் சொல்லவில்லை. "கட்டிலத் திருப்பிப் போட்டது நானு," என்றாள். "நாளிக்கி வா. எப்பவும் போல கேளு. பேச மாட்டாரு. நின்னு மூஞ்சப் பாரு. கண்ண மூடித் தொறந்தா நல்லாக்கீறாருனு அர்த்தம். தொறந்தே இருந்தா கரைக்கு வந்து கூவு." பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி இறங்கிவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். தூரத்தில் பாதையில் மணியம்மாளின் சிவப்புக் கூடை தெரிந்தது. ராஜாத்தியின் வீட்டு வாசலுக்கு வந்ததும் அது நின்றது. நின்றபடியே இருந்தது. சேற்றுக்குள் ராஜாத்தியின் விரல்களைத் தொட்டுக்கொண்டு ஓர் இறால் நழுவிப் போனது. அவள் பிடிக்கவில்லை. கூடை நகர்ந்து பாதையில் போன பிறகுதான் தலையைக் குனிந்தாள்.