தண்ணு

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களில் மூத்தவருக்கு மோப்பம் என்று பெயர். அதை வைத்தது நாங்கள் இல்லை, அவருடைய செல்போனில் இருக்கும் ஒரு குழு. வேலைவெட்டி இல்லாத பத்துப் பதினைந்து பேர் அதில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். லத்தீன் என்ற பழைய மொழிக்கு பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் என்று பிள்ளைகள் உண்டல்லவா? அது போதாதென்று இவர்கள் ஆளுக்கொரு பிள்ளையைக் கற்பனையில் பெற்றுப்போடுவார்கள். எந்த ஒலி எதுவாகத் திரியும் என்று மனதுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு, சொற்களை மட்டும் வெளியே விடுவார்கள். மற்றவர்கள் அதன் லத்தீன் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "என்ன வேஷம் போட்டாலும் அம்மா ஜாடை காட்டிக் குடுத்துடும்டா" என்பார் மோப்பம். யார் எதைப் போட்டாலும் மோந்து பார்த்துச் சொல்லிவிடுவார். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று மட்டும் கேட்கக்கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நாங்கள் இருவரும் ஜோடி. மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, லிஃப்ட் ஏறி இறங்குவதைக் காது கொடுத்துக் கேட்டபடி உட்கார்ந்திருப்போம். அப்போதுதான் அவர் தங்கை கூப்பிடுவாள். வேறு ஊரில் அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறிப் போயிற்று.

"அண்ணா, அப்பா பேசணுமாம்."

ஸ்பீக்கரில் மூச்சு இரைக்கும். பிறகு, "தண்ணு... தண்ணு..."

"அப்பா தண்ணி கேக்குறாரு பாரு, குடு. நான் வேலையில இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

வைத்துவிடுவார். வேலை ஒன்றும் இருக்காது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். "ஒண்ணுமே புரியலடா. ரெண்டு தடவைக்கு மேல 'என்ன, என்ன'ன்னு கேட்டா அவருக்கு அழுகை வந்துடுது" என்பார். போய்ப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குற்றம் செய்த முகத்தோடு அப்படியே குனிந்து, அந்தக் குழுவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற அப்பா பேசுவது புரியவில்லையாம், இல்லாத ஊர்க்காரன் பேச்சு மட்டும் புரிகிறதாம்.

அந்த வாரம் குழுவில் 'புதுசு' என்ற பெயரில் யாரோ வந்து சேர்ந்தார்கள். மூன்று சொற்கள் போட்டார்கள். தவல்லோ, தோய், தந்தாய்.

மோப்பம் டீயைக் கீழே வைக்கவில்லை. "தவல்லோன்னா கபல்லுஸ், குதிரை. தோய்னா கோர், இதயம். தந்தாய்னா கந்தாரே, பாடுறது. க வந்தா த ஆயிடுது, ர வந்தா ய ஆயிடுது. மத்ததெல்லாம் எல்லாப் பிள்ளைகிட்டயும் வழக்கமாத் தேயுறதுதான்."

அதோடு விட்டாரா? கை சும்மா இருக்கவில்லை. 'லத்தீன் பெத்த எந்தப் பிள்ளையும் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. இது மொழியே இல்ல, நாக்குச் சுளுக்கு' என்று எழுதினார். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும் படித்துக் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் புதுசிடமிருந்து பதில் வந்தது. 'விதியைச் சரியாச் சொன்னீங்க. இப்ப லத்தீனை விட்டுட்டு நம்ம பேச்சுக்கு அதைப் போட்டுப் பாருங்க. மயுந்து, தாயம், தண்ணு.'

"மயுந்து, மருந்து" என்றார் மோப்பம் சத்தமாக. "தாயம், காரம். தண்ணு..."

டீயைக் கீழே வைத்தார்.

"கண்ணு" என்றேன் நான், என் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ள. சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது.

அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார். கை கிரீஸைத் துடைக்காமலே தங்கையைக் கூப்பிட்டார். மோட்டார் சத்தத்தில் ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச முடியும்.

"நீதானா அது?"

"வேற எப்படிண்ணா சொல்றது உனக்கு? நேரடியாச் சொன்னா 'அப்புறம்'னு வச்சிடுற. இந்த விளையாட்டுன்னா விடமாட்டியே, அதான் ஒரு மாசமா உக்காந்து லத்தீன் படிச்சேன்."

"நாக்குச் சுளுக்குன்னு எழுதிட்டேனேடி."

"அதை விடு. அவருக்கு நாக்கோட பின்பக்கம் எழும்பல, க வராது. நுனி அதிராது, ரவும் வராது. உன்னைத்தான் கூப்பிடுறாருன்னு முதல்ல எனக்கும் புரியல."

"தண்ணின்னு நெனச்சேன்டி. ஒவ்வொரு தடவையும் தண்ணி குடுன்னு சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"நீ சொன்னேன்னு வாங்கிக் குடிப்பாருண்ணா. தாகமே இருக்காது. 'தண்ணு சொல்லிச்சு'ன்னு டம்ளரை முழுசாக் குடிச்சு முடிப்பாரு."

மோப்பம் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பு. நான் சிரிக்கவில்லை. கீழே யாரோ லிஃப்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள், கத்தட்டும் என்று இருந்துவிட்டேன்.

"அப்பாகிட்ட குடு" என்றார்.

மூச்சு இரைத்தது. எப்போதும்போல முதலில் அந்த ஒரு சொல். அதற்குப் பிறகு நின்றுவிட்டது. இந்தப் பக்கமிருந்து தண்ணீர் குடிக்கச் சொல்வதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கே புரிந்தது.

"ஆமாப்பா" என்றார் மோப்பம். "தண்ணுதான் பேசுறேன்."