மூலை வெட்டிய பாஸ்

எங்கள் தெருவில் நாடகத்துக்கு டிக்கெட் எடுத்துப் போவது கௌரவக் குறைச்சல். "டிக்கெட் எடுத்தா போனேள்?" என்று கேட்பார்கள். கேட்கிற தொனியில், 'பாவம், உனக்கென்று சொல்ல ஒரு நாதியில்லையா' என்கிற இரக்கம் இருக்கும். பாஸ் வாங்கித்தான் போக வேண்டும். காசு மிச்சம் பிடிக்கத்தான் பாஸ் என்று நினைப்பவர்களுக்குத் திருவனந்தபுரத்தைத் தெரியாது. இங்கே பாதிப் பேர் அரசாங்கத்தில் இருப்பவர்கள். மீதிப் பேர் அவர்களைத் தெரிந்தவர்கள். இந்த இரண்டிலும் சேராதவன்தான் கவுண்டரில் போய் நிற்பான் என்பது வலியசாலையில் எங்கள் தெருவின் நம்பிக்கை. நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன். எனக்கு அரசாங்கத்தில் யாரையும் தெரியாது. ஆனால் பாஸ் அண்ணாச்சியைத் தெரியும்.

பாஸ் அண்ணாச்சி எதிர்ச்சாரியில் குடியிருப்பவர். செக்ரட்டேரியட்டில் ஏதோ ஒரு பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரிவு என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே அது பெரிய பிரிவாக இருக்க வேண்டும் என்று தெருவில் முடிவாகியிருந்தது. ஓய்வு பெற்ற மற்றவர்களின் வாசலில் பேப்பர்காரனைத் தவிர யாரும் வந்து நிற்பதில்லை. இவர் வாசலில் மட்டும் ஆள் குறையவில்லை. கச்சேரியோ நாடகமோ, அவரிடம் ஒரு வார்த்தை போட்டுவைத்தால் போதும். "பாத்துக்கிடலாம் வேய்" என்பார். நிகழ்ச்சியன்று மத்தியானம் ஒரு பழுப்புக் கவர் வந்துவிடும். உள்ளே இரண்டு சீட்டு. இரண்டிலும் வலது பக்கக் கீழ் மூலை வெட்டப்பட்டிருக்கும். மூலை வெட்டியிருந்தால் பாஸ், முழுசாக இருந்தால் டிக்கெட். இதைச் சொன்னது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள்.

அவர் தருகிற இடம் மட்டும் எப்போதும் ஓரமாகவே இருக்கும். ஒரு தடவை நானே குறைப்பட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, அடுத்த மட்டம் கொஞ்சம் நடுவுல தரச் சொல்லுங்க. மிருதங்கக்காரரு முதுகத்தான் பாத்துட்டு வந்தோம்."

அவர் பிடரியைத் தடவிக்கொண்டு, "சொல்லிப் பாக்கேன்" என்றார்.

இந்த வருஷம் ஊரை ஆட்டிவைத்தது ஒரு மலையாளப் பாட்டு நாடகம். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பாட்டும் ஆட்டமும்தான். வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து நேரடியாக வாசிக்கிறார்களாம். மேடையில் ஒரு வள்ளம் மிதந்து வருமாம், மேலேயிருந்து நிஜ மழை கொட்டுமாம். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் மழையைப் பார்க்கவா இத்தனை கூட்டம் என்று கேட்டேன். என் மனைவி போனில் டிக்கெட் விற்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் சீட்டுதான் மிச்சம் கெடக்கு. எடுத்திரட்டா?" என்றாள்.

"எதுக்கு? அண்ணாச்சிட்ட சொல்லியாச்சுல்லா."

"கிடைக்கல்லேன்னா?"

"அவரு சொன்னா சொன்னதுதான்."

அன்று அவள் எடுத்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மதினி இருக்கிறாள். என் மனைவியின் அண்ணன் சம்சாரம், நாகர்கோவில்காரி. போன திருவிழாவுக்கு எங்களை அங்கே ஒரு கோயில் கச்சேரிக்கு அழைத்துப்போய், கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரை எழுப்பிவிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தாள். அதற்குப் பிறகு எப்போது போனில் பேசினாலும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், அந்த முன்வரிசை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்று கேட்டால்கூட, "அன்னைக்கு முன்னால இருந்து கேட்டுட்டு வந்து சாப்பிட்டோமே, அந்தச் சாம்பாரா?" என்பாள். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டாள்: "மதினி, நீங்க இங்க ஒரு நாள் வாங்க. இவங்க ஒரு வார்த்தை சொன்னா பாஸ் வீடு தேடி வரும்." இவங்க என்றால் நான். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதினி மத்தியான ரயிலில் வந்து இறங்குவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஆபீசில் பேச்சுவாக்கில் பாஸைப் பற்றிச் சொன்னேன். அடுத்த மேஜை மலையாளி நண்பர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாரே, ஈ நாடகத்தினு பாஸ் இல்லா. ஆர்க்கும் இல்லா. அவர் ஆத்யமே பறஞ்ஞதல்லே?"

யாருக்குமே பாஸ் கிடையாது என்று நாடகக்காரர்கள் முதலிலேயே அறிவித்துவிட்டார்களாம். பேப்பரிலும் வந்ததாம். நான் பேப்பரில் தலையங்கம் படிக்கிறவன். இந்த மாதிரி உபயோகமான செய்திகள் கண்ணில் படுவதில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். ஆட்டத்தன்று காலையில் அரங்கத்துக் கவுண்டரைத் திறப்பார்கள். விற்காமல் கிடக்கும் இடங்களும் பக்கவாட்டு கேலரி இரண்டும் அன்றைக்கு மட்டும் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு இரண்டுதான். "பட்சே க்யூ நில்க்கணும்" என்றார், வரிசையில் நிற்கிற ஆளா இவன் என்று என்னை ஏற இறங்கப் பார்த்து.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "பாத்துக்கிடலாம் வேய்" என்றார். வழக்கமாக அதைச் சொல்லும்போது என் தோளில் தட்டுவார். அன்று தட்டவில்லை. ஞாயிறு காலை அவருடைய போன் அணைந்து கிடந்தது, வாசலில் ஸ்கூட்டரும் இல்லை. ஆள் தலைமறைவு என்று முடிவு கட்டினேன். மதினிக்குக் காய்கறி வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினேன். பொய் இல்லை; முருங்கைக்காயும் ஒரு துண்டு சேனையும் வாங்கினேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தேன். பிறகு அரங்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே வரிசையில் பெரும்பாலும் ஆட்கள் இல்லை, ஹெல்மெட்டுகள் இருந்தன. கவுண்டரிலிருந்து படி வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக, தலைகள் மட்டும் தவம் செய்வதுபோல. ஹெல்மெட்டை வைத்துவிட்டு உடையவர்கள் சாயா குடிக்கப் போயிருந்தார்கள். எனக்கு வண்டியும் இல்லை ஹெல்மெட்டும் இல்லை. கடைசி ஹெல்மெட்டுக்குப் பின்னால் என் பையை வைத்தேன். முருங்கைக்காய்கள் வெளியே எட்டிப்பார்த்தன.

முன்னால் நின்ற கல்லூரிப் பெண் திரும்பினாள். "அங்கிளே, ஈ முருங்ஙக்கா ஆருடெயா?"

"என்றெயா" என்று என்னுடையதாக ஒப்புக்கொண்டேன்.

"ரண்டு டிக்கெட் எடுக்குமோ இது?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் அவர்கள் வயசாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அப்போதுதான் அவளுக்கும் முன்னால், வரிசையின் நடுவில், மயில் படம் ஒட்டிய ஒரு பழைய ஹெல்மெட்டைப் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் எத்தனையோ ஹெல்மெட் இருக்கலாம். மயிலுக்குத் தோகை பாதி உரிந்த ஹெல்மெட் ஒன்றுதான். சாயாக் கடையிலிருந்து தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அதன் சொந்தக்காரர் வந்தார். பாஸ் அண்ணாச்சி. என்னைக் கண்டதும் துண்டு வாயோரத்திலேயே நின்றது.

"என்னவே இங்க?"

"எங்க மேலாளருக்கு ரெண்டு டிக்கெட் வேணும்னாரு. ஞாயித்துக்கிழமயும் விட மாட்டேங்காரு." இத்தனை சீக்கிரம் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. "நீங்க?"

"மச்சினனுக்கு. அவனுக்கு எங்க இதுக்கெல்லாம் நேரம்?"

இரண்டு பேரும் மேலாளரையும் மச்சினனையும் கொஞ்ச நேரம் திட்டினோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "உம்ம பாஸு சாயங்காலத்துக்குள்ள வந்து சேரும். விசாரப்படாதேயும்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. மச்சினனுக்கு வெயிலில் வந்து நிற்கத் தெரிகிறது, எனக்கு மட்டும் 'வந்து சேரும்'. மதினி இந்நேரம் நாகர்கோவில் ஸ்டேஷனில் மல்லிகைப்பூவோடு நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு பையை ஒரு அடி முன்னால் தள்ளினேன்.

கவுண்டர் திறந்தது. ஹெல்மெட்டுகளுக்குக் கீழே உடம்புகள் முளைத்தன. வரிசை நகர்ந்தது. அண்ணாச்சி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே வெளியே போனார். கல்லூரிப் பெண் வாங்கினாள். நான் குனிந்து கவுண்டர் துவாரத்துக்குள் முகத்தைக் கொடுத்தேன்.

"தீர்ந்து சாரே" என்றார் உள்ளே இருந்தவர். பலகையைச் சாத்தும்போது என் பையைப் பார்த்தார்.

வெட்கத்தை விட்டுவிட்டு, மச்சினனிடம் கேட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சலாம் என்று வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அண்ணாச்சி ஸ்கூட்டர் சீட்டின் மேல் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மடக்குக் கத்தரிக்கோல் ஒன்றால், வாங்கின டிக்கெட்டின் வலது பக்கக் கீழ் மூலையை வெட்டிக்கொண்டிருந்தார். விலை அச்சடித்திருக்கிற மூலை. வெட்டின துண்டை ஊதித் தள்ளினார். அடுத்ததையும் வெட்டினார். சீட்டின் மேல் பழுப்புக் கவர் தயாராக இருந்தது.

தெருவில் எத்தனை வீடு, எத்தனை கச்சேரி. எல்லாம் இப்படித்தான் அவர் காசில், ஓரத்திலிருந்து வந்திருக்கின்றன. மிருதங்கக்காரர் முதுகு என் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். கத்தரியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாஸு வந்துட்டுவே" என்றார். "இப்பதான் ஒருத்தன் கொண்டு தந்துட்டுப் போறான்."

"அப்படியா."

"நான்தான் சொன்னேம்லா."

"சொன்னீங்க, சொன்னீங்க."

கவரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். காசைப் பற்றிப் பேச்செடுக்க வழியில்லை. கொடுத்தால் அது டிக்கெட் ஆகிவிடும். பழக்கதோஷத்தில், "சீட்டு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "கொஞ்சம் ஓரம்தான்."

"ஓரம்தான் நல்லது. இடையில எந்திரிச்சுப் போக சௌகரியம்" என்றேன். "மச்சினன் டிக்கெட்?"

"அவன் வரல்லேன்னுட்டான். உம்ம மேலாளரு?"

"அவரும்தான்."

"எல்லாம் இப்படிப்பட்ட ஆளுங்கதான் வேய்" என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டு மயில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

மதினி வந்ததும் முதல் காரியமாகக் கவரைப் பிரித்தாள். "இதென்ன, எலி கடிச்ச மாதிரி மூலையக் காணும்?"

"பாஸுன்னா அப்படித்தான் மதினி" என்றாள் என் மனைவி, வெற்றியை வெளியே காட்டாத குரலில். "விலைக்கு வாங்குறதுதான் முழுசா இருக்கும்."

இருவரும் பட்டுப்புடவையில் போனார்கள். நான் வீட்டில் சேனையைத் தின்றேன். திரும்பி வரும்போது மதினியின் பட்டுத் தலைப்பு நனைந்திருந்தது. மேடை மழையின் சாரல் பக்கவாட்டு கேலரியில்தான் தெறிக்குமாம். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முன்னால இருந்தவன் மேல ஒரு சொட்டு விழல்ல கேட்டியா" என்றாள் என் மனைவியிடம். "நம்ம மேலதான். நாடகத்துக்குள்ளயே இருந்த மாதிரி இருந்துது."

முன்வரிசை அன்றோடு எங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து எழுந்து போனது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கடைசி ஆட்டம் என்றவர்கள் மறு வாரமே, மக்கள் கேட்டுக்கொண்டதால் இன்னும் கொஞ்ச நாள் என்று போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். மதினி போன் செய்தாள். அண்ணனும் வரவேண்டுமாம், மகனும் மருமகளும்கூட. தானும் இன்னொரு தடவை. "நாலு பாஸு. இவங்க சொன்னா நடக்காமலா போகும்?"

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "நாலா?" என்றார். பிடரியைத் தடவினார். ஆளுக்கு இரண்டுதான் என்பது அந்தத் தெருவில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

"எங்க மேலாளருக்கு இந்த ஞாயிறும் ரெண்டு வேணுமாம் அண்ணாச்சி" என்றேன். "நான் எப்படியும் அங்க போய் நிக்கணும்."

அவர் என் தோளில் தட்டினார். "பாத்துக்கிடலாம் வேய்" என்றார்.

ஞாயிறு காலை மயில் ஹெல்மெட் முன்னாலும், கொஞ்சம் தள்ளி என் காய்கறிப் பை பின்னாலும் இருந்தன. இந்தத் தடவை பையில் புடலங்காய். வாங்கினதும் என் இரண்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, "மேலாளரு வேண்டாம்னுட்டாரு, வீணாப் போகாண்டாம்" என்றேன். அவர் கத்தரியை விரித்து நாலு மூலையையும் வெட்டினார். மத்தியானம் பழுப்புக் கவரோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் எழுந்து போய் வரவேற்றேன்.

என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்தாள். "நீங்க இருக்கக்கொண்டு ஆச்சு அண்ணாச்சி. இவங்களுக்கு இதுக்கெல்லாம் எங்க சாமர்த்தியம்?" என்றாள்.

"அவரச் சொல்லாதம்மா" என்றார் அண்ணாச்சி, காப்பியைப் பார்த்துக்கொண்டு. "அவருக்கு ஆபீஸ் சோலி."

அவள் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கமால்லா இருக்கு? நாலையும் ஒண்ணாத் தரச் சொல்லியிருக்கப்படாதா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"பாஸ்தானே" என்றேன். "தந்த இடத்துல இருக்க வேண்டியதுதான்."