தானாகத் திறக்கும் கதவு

வட்டகொடையில் இருக்கும் என் சகலை பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கிவிட்டார். கழுவி முடித்ததும் அதன் கதவு தானாகத் திறந்து, ஆவி வெளியேறித் தட்டுகள் காய்ந்துவிடுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

இன்று ஹட்டனில் ஒரு கடையில் விசாரித்தேன்.

"இந்த மலைப் பனியில கதவு தொறந்தா எப்படிக் காயும், சேர்? சூடுகாத்து அடிக்கிறத எடுங்க" என்றார் முதலாளி.

மனம் குளிர்ந்தது. சகலை வீட்டு ஈரத் தட்டுகளைக் கண்ணால் பார்த்துவிட, மனைவியோடு நேரே வட்டகொடைக்குப் போனேன். தட்டைத் தடவினேன். சொட்டு ஈரமில்லை.

"எப்படிக் காயுது?"

"எங்க அண்ணே காயுது? தெனமும் நான்தான் துணியால தொடைக்கிறேன்" என்றார் சகலை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவிக்கு வரவில்லை.

"நமக்கு மெஷினே வேணாங்க. நல்ல துணியா ஒன்னு வாங்கிக்கிட்டுப் போவோம்" என்றாள்.

சூடுகாற்று மெஷின் வைத்திருப்பவர்கள், அதில் தட்டு காய்கிறது என்று அவளுக்கு இரண்டு வார்த்தை எழுதுங்கள்.