எதை நிறுத்தினீர்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில், பட்டப்படிப்பு முடித்து விழுப்புரத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் சிறிய வேலை ஒன்று கிடைத்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்காகத் திண்டிவனம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், விலைவாசியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் படிவத்தில் குறித்து வர வேண்டும். அந்த ஆண்டு பருப்பும் வெங்காயமும் ஏறிய விலையைப் பற்றித்தான் பஸ்ஸிலும் பேச்சு, டீக்கடையிலும் பேச்சு. எனவே சுலபமான வேலை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கிளியனூரை ஒட்டிய தெரு ஒன்றில், சுவரெல்லாம் கட்சிச் சின்னம் வரைந்திருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். சின்னத்தை வரைந்தவரே அந்த வீட்டுக்காரர்தான். கையில் பெயிண்ட் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவர் மனைவி கதவருகே நின்றாள். நாற்பதுக்குள் இருக்கும்.

"போன வருஷத்துக்கு இப்ப உங்க குடும்ப நிலைமை எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு இன்னாம்மா கொறச்சல்? நல்லாத்தான் கீறோம். எதிர்க்கட்சிக்காரன்தான் வெல வெலன்னு கத்திக்கினு கீறான். நல்லா கீறோம்னு போட்டுக்கோ" என்றார் அவர்.

அடுத்த கேள்வி, விலை ஏறியதால் வீட்டில் எதை நிறுத்தினீர்கள் என்பது. பால், எண்ணெய், பருப்பு, காய்கறி என்று கட்டங்கள். கடைசிக் கட்டம், 'எதையும் நிறுத்தவில்லை'.

"ஒண்ணும் நிறுத்தல" என்றார் அவரே. மனைவியைப் பார்த்தேன். அவளும் தலையாட்டினாள். கடைசிக் கட்டத்தில் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருக்குழாய் வரை போயிருப்பேன். காலிக் குடத்தோடு அவள் பின்னாலேயே வந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. இருந்தும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து நின்றபடி பேசினாள்.

"எதை நிறுத்தினேன்னு கேட்டியேம்மா. பொண்ண நிறுத்திட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"பெரிய பொண்ணு. ஒம்பதாவது படிச்சிக்கினு இருந்தா. பள்ளிக்கோடம் போறத நிறுத்தி, திருப்பூர் பக்கம் நூல் மில்லுக்கு அனுப்பிட்டேன். அங்கியே தங்க வெச்சிக்கிறாங்க, சோறு போடறாங்க. ஊட்ல ஒரு வாயி கொறையுமில்ல? அவரு வேணான்னுதான் சொன்னாரு. நான்தான் அனுப்பினேன். இத எழுதிக்கோ."

நான் பென்சிலை எடுத்துப் படிவத்தின் ஓரத்தில் 'மகள்' என்று எழுதினேன். எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். எழுத்து விழுந்ததைப் பார்த்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் திண்டிவனத்தில் எங்கள் மேற்பார்வையாளரிடம் படிவங்களை ஒப்படைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் தன் செலவில் டீ வாங்கித் தருபவர். ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ரப்பரை நீட்டினார்.

"மேடம், வாங்கற பொருளத்தான் கேட்டிருக்கோம். குடும்பக் கதையெல்லாம் எந்தக் கட்டத்துல சேர்க்கறது? கிறுக்கல் இருந்தா படிவத்தையே தள்ளிடுவாங்க. அழிச்சிடுங்க."

அழித்தேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்று பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. அழித்த தூளை ஊதிக்கூட விட்டேன். சில வாரங்களில் பத்திரிகையில் முடிவு வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விலைவாசியைப் பலர் பெரிதாக நினைக்கவில்லை என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பலரில் ஒருத்தியாக அவளையும் எண்ணியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு கருத்துக்கணிப்பு வேலைக்கு நான் போகவில்லை. ஆனாலும் கடையில் யாராவது "வெங்காயத்தை நிறுத்திட்டோம்", "பால நிறுத்திட்டோம்" என்று பேசினால் காது அந்த இன்னொரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மறுபடியும் ஒரு தேர்தல் நேரத்தில், விழுப்புரம் பஸ் நிலையத்தில் நரைத்த ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். நான் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவள்தான் கண்டுகொண்டாள்.

"கெளியனூருக்கு எழுதிக்கினு போவ வந்த பொண்ணுதான நீ? நான் சொன்னத எழுதின இல்ல?"

"எழுதினேன்க்கா" என்றேன். பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளிடம் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அவள் முகம் தெளிந்தது. "அதான் வேணும். யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. உங்கிட்ட ஒருத்திகிட்டதான்."

மகள் எப்படி இருக்கிறாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கண்டாச்சிபுரத்துல கட்டிக் குடுத்துட்டோம். ரெண்டு புள்ளைங்க. மில்லுல மெஷின் சத்தத்துல காது போயிடுச்சி. சுத்தமா கேக்காதுன்னு சொல்ல முடியாது, புள்ளைங்க அழுதா திரும்பறா. நான் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டா." குரலைத் தாழ்த்தினாள். "கேக்கலியா, கேக்காத மாதிரி இருக்காளான்னு எனக்கு இன்னும் தெரியலம்மா."

கண்டாச்சிபுரம் பஸ் வந்து நின்றது. பேத்திக்கு வாங்கிய பலூன் உடையாமல் இருக்க, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கூட்டத்துக்குள் ஏறினாள்.